நாயின் மனதை அளக்க நான்கு அளவுகோல்கள்: எதை எதற்கு நம்பலாம்?

“எந்த இன நாய் ரொம்பப் புத்திசாலி?” என்று கேட்பவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது பெரும்பாலும் வேறு. சொன்னதைக் கேட்குமா? தனியாக விட்டால் ஊளையிடுமா? குழந்தைகள் ஓடியாடினால் மிரளுமா? முதல் கேள்வி அறிவைப் பற்றியது, இரண்டாவது உணர்ச்சியை, மூன்றாவது குணத்தை. மூன்றையும் ஒரே கோலால் அளக்க முடியாது. புழக்கத்தில் உள்ள நான்கு முறைகளையும் அருகருகே வைத்தால் எது எங்கே காலை வாரும் என்பது தெரியும்.

இன வரிசைப் பட்டியல்

உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட வரிசைதான் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்டர் கோலிக்கு முதலிடம், அடுத்து பூடில், பிறகு ஜெர்மன் ஷெப்பர்டு. கடைசி இடம் ஆப்கன் ஹவுண்டுக்கு. பலரும் நினைப்பதுபோல இது நாய்களை உட்காரவைத்து நடத்திய பரீட்சை அல்ல; வட அமெரிக்காவின் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் சுமார் 200 பேரிடம் கேட்டுத் தொகுத்த கருத்து. முன்வரிசை இனங்கள் புதிய கட்டளையை 5 முறைக்குள் பிடித்துக்கொள்ளும், கடைசி வரிசைக்கு 80 முதல் 100 முறை ஆகும் என்பது அதன் கணக்கு.

அதாவது, பட்டியல் அளப்பது மனிதனோடு ஒத்துழைக்கும் வேகத்தை. ஆப்கன் ஹவுண்டு இரையைக் கண்ணால் கண்டதும் யாருடைய கட்டளைக்கும் நிற்காமல் பாய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டை நாய். அதன் வேலை ஒன்று, வைத்த பரீட்சை இன்னொன்று. கோரனே நாயின் அறிவை மூன்றாகப் பிரித்திருக்கிறார்: இனத்துக்கே உரிய திறமை, தானாகச் சிக்கலை அவிழ்ப்பது, கட்டளை கற்பது. வரிசை மூன்றாவதை மட்டுமே சொல்கிறது.

குணத்தைக் கணிக்க இனத்தை நம்புவது இன்னும் பலவீனமானது. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வில் 18,000க்கும் அதிகமான நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்கள் பதில் அளித்தார்கள். நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். சொல் கேட்கும் தன்மையில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பட்டியலுக்கு ஒரு பயன் உண்டு: நாய்க்கு எவ்வளவு வேலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே காட்டிவிடும். 5 முறைக்குள் ‘உட்கார்’ கற்கும் நாய், குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கவும் அதே வேகத்தில் கற்றுக்கொள்ளலாம்.

குட்டிப் பருவச் சோதனை

பிறந்து 49ஆம் நாள் வாக்கில், குட்டிக்கு அறிமுகமில்லாத ஒருவர் அதைக் கூப்பிட்டு, மல்லாத்திப் பிடித்து, சத்தம் எழுப்பிப் பார்த்து மதிப்பெண் போடுவது. கேட்கக் கவர்ச்சியானது, ஆனால் நம்பக்கூடியது குறைவு. பார்டர் கோலிகளைப் பிறந்த நாள் தொட்டு வளரும்வரை பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், குட்டியாக இருந்தபோது காட்டிய இயல்புகளில், புதிய இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆர்வம் மட்டுமே பெரிய நாயிடமும் ஒத்துப்போனது. மற்றவை பொருந்தவில்லை. சோதனைக்கு முன் குட்டி தூங்கி எழுந்ததா, பால் குடித்ததா என்பதே மதிப்பெண்ணை மாற்றிவிடும். 3 முதல் 12 வாரம்வரை அந்தக் குட்டி எத்தனை விதமான மனிதர்களையும் ஓசைகளையும் தரைகளையும் பயமின்றிச் சந்தித்தது என்று வளர்த்தவரிடம் கேட்பது இதைவிடப் பயன் தரும்.

வீட்டுப் புதிர்ச் சோதனை

ஒழுங்காகச் செய்தால் நாய் எப்படி யோசிக்கிறது என்பதை நேரில் காட்டுவது இதுதான். அவசரமாகச் செய்தால் நாயின் மூக்கை அளந்துவிட்டு மூளையை அளந்ததாக நினைத்துக்கொள்வோம்.

முதலில் விரல் சுட்டும் சோதனை. ஒளி ஊடுருவாத, ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்கள். இரண்டின் உட்புறமும் தீனியைத் தேய்த்து மணத்தைச் சமமாக்க வேண்டும். சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து வைத்து, நாய் பார்க்காதபோது ஒன்றின் அடியில் பட்டாணி அளவுத் துண்டு ஒன்றை மறைக்கவும். நடுவில் நின்று நாயின் கண்ணைப் பார்த்து, சரியான கிண்ணத்தைக் கையால் சுட்டியபடி இருங்கள். இன்னொருவர் இரண்டு மீட்டர் தள்ளி நாயைப் பிடித்திருந்து விடட்டும். இப்படி 10 முறை. இடது, வலது எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்கவும். குருட்டாம்போக்கில் போகும் நாய்க்கும் சராசரியாக 5 சரியாகிவிடும். 7 வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. 9 அல்லது 10 தற்செயலாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம்தான்; அப்போது உங்கள் சைகை அதற்குப் புரிகிறது எனலாம்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கும். சில நாய்கள் எப்போதும் ஒரே பக்கம் போகும். பத்தும் வலது என்றால் அது பழக்கம், புரிதல் அல்ல. மணம்தான் வழிகாட்டுகிறதா என்று பார்க்க, சைகையே காட்டாமல் சில சுற்றுகள் விட வேண்டும். அப்போதும் சரியாகப் போனால் முழுச் சோதனையும் செல்லாது. வயிறு நிறைந்த நாய் ஏழாவது சுற்றிலேயே படுத்துவிடும், அதை மந்தம் என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, திறக்க முடியாத டப்பா. மூடியைத் தளர்வாக வைத்த டப்பாவிலிருந்து நாய் மூன்று முறை தீனி எடுக்கட்டும். நான்காவது முறை மூடியை இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் கவனிக்கவும். விடாமல் கடித்துப் பிராண்டுகிறதா, விட்டுவிட்டுப் போகிறதா, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? 2003இல் ஆடாம் மிக்லோஷி குழுவினர் இத்தகைய சோதனையை, மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடமும் நாய்களிடமும் நடத்தினார்கள். நாய்கள் சீக்கிரமே மனித முகத்தைப் பார்த்தன. ஓநாய்கள் தாங்களே போராடின. ஆகவே உங்கள் நாய் திரும்பிப் பார்ப்பதைத் தோல்வி என்று எழுத வேண்டாம், அது உதவி கேட்கிறது. நிமிடம் முடிந்ததும் மூடியைத் திறந்து கொடுத்துவிடுங்கள். ஏமாற்றத்தோடு முடிந்தால் அடுத்த சோதனைக்கு வராது.

இந்த முறையின் எல்லை, அறிவைத் தாண்டி எதையும் சொல்லாதது. புதிரில் பத்துக்குப் பத்து வாங்கிய நாய் இடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒடுங்கிக் கிடக்கலாம்.

கேள்வித்தாளும் குறிப்பேடும்

சேர்ந்து வாழ்வதற்கு அதிகம் உதவுவது இதுதான், பார்க்கச் சலிப்பூட்டுவதும் இதுதான். ஜேம்ஸ் செர்பெல் குழு உருவாக்கிய சி-பார்க் கேள்வித்தாளில் சுமார் 100 கேள்விகள். அந்நியர் வீட்டுக்குள் வரும்போது, சாப்பிடும்போது யாராவது நெருங்கினால், நகம் வெட்டும்போது என்று குறிப்பிட்ட சூழல்களைச் சொல்லி, நாய் செய்வதை 0 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்லும். ‘என் நாய் சாது’ போன்ற மொத்தத் தீர்ப்புக்கு அங்கே இடமில்லை. அதுவே அதன் பலம்.

வீட்டில் இருவர் ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல் நிரப்புங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் வேறுபடும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, அந்தச் சூழல்களை மட்டும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: முன்னால் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, பின்னால் அதற்கு என்ன கிடைத்தது. பல சமயம் நாய் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வது அப்போதுதான் வெளிவரும். வேறு வீட்டிலிருந்து புதிதாக வந்த நாயை முதல் வாரத்தில் மதிப்பிட்டால் அது பயந்து அடங்கியிருப்பதையே குணம் என்று பதிவு செய்வீர்கள். சில வாரம் கழித்து மறுபடி நிரப்ப வேண்டும்.

எழுதும்போது முகத்தை மட்டும் நம்பினால் குறிப்பேடே கெட்டுவிடும். ‘தப்புப் பண்ணிவிட்டு எப்படி முழிக்கிறது பார்’ என்கிறோமே, அந்த முகத்தை அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களிடம் சோதித்தார். தீனியைத் திருடியதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் திட்டினால், திருடாத நாயும் அப்படியே முழித்தது. வால் ஆட்டமும் அப்படித்தான்: உடம்பே குழைந்து வால் அகலமாக வீசினால் மகிழ்ச்சி; உடல் விறைத்து, வால் நுனி மட்டும் உயரத்தில் வேகமாகத் துடித்தால் கையை நீட்டாதீர்கள். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் மன அழுத்தம் என்று எழுதலாம். ஒன்று மட்டும் வந்தால் காத்திருங்கள்.

தனிமைப் பயத்துக்கு நினைவைவிடக் கேமரா மேல். வெளியே போனபின் முதல் 30 நிமிடப் பதிவு பெரும்பாலும் போதும். கதவைச் சுற்றி அலைந்து, மூச்சிரைத்து, பிடித்த தீனியையும் தொடாமல் விட்டால் அது பயம். நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு மணி நேரம் கழித்துச் செருப்பைக் கடித்தால் பெரும்பாலும் பொழுதுபோகாத நாய்தான். முன்னதைத் தண்டித்தால் இன்னும் மோசமாகும், பின்னதற்குக் கடிக்க வேறு ஏதாவது கொடுத்தால் போதும்.

இரண்டு வாரக் குறிப்பேட்டில் ஒரே சூழலின் எண் திடீரென்று 0இலிருந்து 3க்குத் தாவினால், குறிப்பாகத் தொடும்போது சீறுவதில், பயிற்சியாளரைத் தேட வேண்டாம். பல்வலியோ மூட்டுவலியோ காதுப் புண்ணோ இருக்கலாம். குறிப்பேட்டோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.