கீயா, நோ-கீயா, ஜூடோவா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

தரையில் புரண்டு பிடிபோடும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு பழக வரும் புதியவருக்குப் பெரும்பாலோர் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: முதலில் கீ அணிந்து கற்றுக்கொள்ளுங்கள், நோ-கீ பிறகு தானாக வரும். அப்படிச் சொல்பவர்களில் பலர் குளிர்ந்த ஊர்க்காரர்கள். இல்லையென்றால் துணி உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்கள். கார்த்திகை மாதத்தில் லாஸ்பேட்டை மொட்டை மாடியில் ஒரு கீயைக் காயப்போட்டு, மறுநாள் மாலை அதையே உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போக நேர்ந்தால் அவர்கள் குரல் சற்றுத் தணிந்திருக்கும்.

கீ என்பது தடித்த பருத்தி மேலங்கி, கால்சட்டை, இடுப்புப் பட்டை மூன்றும் சேர்ந்த உடை. உடலோடு ஒட்டிய ராஷ்கார்டும் அரைக்கால் சட்டையும் மட்டும் அணிந்து பயில்வது நோ-கீ. இவற்றோடு ஜூடோவையும் சேர்த்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. மூன்றும் ஒரே குடும்பம். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோவைத் தொடங்கினார். அந்தப் பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி, அவருக்குப் பின் தம்பி ஹீலியோ ஆகியோர் கையில் தரையில் புரண்டு பிடிபோடும் பகுதி பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற தனிக் கலையாக வளர்ந்தது. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி 1993-இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியை வென்றபோது அணிந்திருந்தது கீதான். நோ-கீ தனக்கென்று ஒரு பெரிய மேடையைப் பெற்றது 1998-இல் அபுதாபியில் தொடங்கிய ஏடிசிசி என்ற மல்லுக்கட்டுப் போட்டிக்குப் பிறகு.

வரலாறு போதும். நம் ஊருக்கு வருவோம்.

துணியும் மழையும் பஸ்ஸும்

நடுத்தர எடையுள்ள ஒரு கீ, உலர்ந்த நிலையிலேயே ஒன்றரை கிலோ அளவில் இருக்கும். ஒரு மணி நேரம் புரண்ட பிறகு அதைக் கையில் தூக்கிப் பார்த்தால், கடற்கரை ஊரின் வியர்வைக்கு எவ்வளவு எடை என்பது தெரியும். வாரம் மூன்று வகுப்பு என்றால் ஒரு கீ போதாது, இரண்டு வேண்டும். ஒரு நல்ல கீ நான்காயிரம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ராஷ்கார்டும் அரைக்கால் சட்டையும் சேர்த்து அதில் பாதிக்குள் முடிந்துவிடும். துவைத்து மின்விசிறிக்கு அடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்தும்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் கடைசி நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது அபூர்வம்தான். ஆனால் சாதாரண மழைக்காலத்திலேயே தடித்த பருத்தி இரண்டு நாளானாலும் முழுதாகக் காயாது. அரைகுறையாகக் காய்ந்த கீயின் வாடையை ஒளிக்க எந்தத் துணிச்சோப்பாலும் முடியாது. அதை அணிந்தவருக்கு மூக்கு மரத்துப்போகிறது. கீழே மாட்டிக்கொண்டவருக்குத்தான் தண்டனை.

கோடையில் சிக்கல் வேறு மாதிரி. கீ ஒரு பகலில் விறைப்பாகக் காய்ந்துவிடும். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில், தகரக் கூரை வேய்ந்த கூடத்தில், அந்தத் துணிக்குள் ஐந்து நிமிடச் சுற்றுகளைத் தாங்குவது தனிப் பயிற்சி. தலை கிறுகிறுத்தாலோ வியர்வை நின்றுபோனாலோ உடனே பாயை விட்டு வெளியேறி உடலைக் குளிர்விக்க வேண்டும். வெட்கம் பார்க்கும் இடமல்ல.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்து போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. தூரம் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் மாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலைத் தாண்டி மஞ்சக்குப்பம் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். நனைந்த கீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கூட்ட பஸ்ஸில் நின்று பாருங்கள்; பக்கத்தில் நிற்பவர் மெல்ல நகர்ந்துகொள்வார். இந்த அத்தியாயத்தில் நோ-கீக்குத்தான் வெற்றி, விவாதமே இல்லை.

பிடி கிடைப்பதும் நழுவுவதும்

பாயில் இறங்கியதும் தராசு மறுபக்கம் சாய்கிறது. கீயில் காலர், கை, கால்சட்டை விளிம்பு எல்லாமே பிடிதான். எதிராளியின் காலரை ஒரு கையால் பற்றி, சட்டைக்கையை மறு கையால் பற்றிக் காலால் இடுப்பைத் தள்ளி நிறுத்தினால், தன்னைவிட இருபது கிலோ அதிகமான ஆளைக்கூடச் சற்று நேரம் தள்ளி வைத்திருக்கலாம். அந்தச் சற்று நேரம்தான் புதியவர் யோசிக்கக் கிடைக்கும் நேரம். துணியின் உராய்வு ஆட்டத்தை மெதுவாக்குகிறது. அதனால் சின்ன உடல்காரர், நாற்பதைத் தொட்டவர், நிதானமாக ஒவ்வொன்றாகக் கற்க விரும்புபவர் எல்லோருக்கும் கீயே நல்ல ஆசிரியர் என்பேன்.

நோ-கீயில் முதல் மூன்று நிமிடத்துக்குப் பிறகு எல்லோரும் வழுக்குகிறார்கள். பிடிப்பதற்கு மணிக்கட்டு, கழுத்து, அக்குள் இடைவெளி, கணுக்கால் மட்டுமே மிஞ்சும். நுட்பம் குறைவு என்று அர்த்தமில்லை. ஆனால் பிழைக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. வேகமும் மூச்சும் உள்ள இளைஞர் பக்கம் காற்று அடிக்கும்.

இங்கே நம் வட்டாரத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் கபடி ஆடாத பையன் குறைவு. பாடி வருபவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடித்தும், தொடையைக் கட்டி மறித்தும் பழகிய கைகள் நோ-கீ வகுப்பில் முதல் நாளே வேலை செய்கின்றன. எதிராளியை வீழ்த்துவது என்ற பகுதியில் அவர்கள் பாதி கிணற்றைத் தாண்டி வந்தவர்கள். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. தலையைக் குனிந்து கழுத்தை முன்னே நீட்டியபடி பாய்வது கபடியில் பழக்கம். இங்கே அது கில்லட்டின் பிடிக்கு, அதாவது முன்னிருந்து கழுத்தைக் கையால் வளைத்து நெரிக்கும் பிடிக்கு, கழுத்தை ஒப்படைப்பது. அந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால், கபடிக்காரர்களுக்கு நோ-கீயைவிடப் பொருத்தமான கதவு இல்லை. ஜூடோ போட்டியிலோ காலைக் கையால் பிடிப்பது 2013 முதல் அறவே தடை. பழகிய கை நீளும்போதெல்லாம் தண்டனை வாங்க வேண்டியதுதான்.

“தெருவில் யார் கீ அணிந்து சண்டைக்கு வருகிறார்கள்?” என்று நோ-கீ ரசிகர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் பாதிதான். தெருவில் ராஷ்கார்டு அணிந்தும் யாரும் வருவதில்லை. சட்டைக் காலர், ஜீன்ஸ், பெண்கள் என்றால் துப்பட்டா. கழுத்தைச் சுற்றிய துணியை இழுத்தால் இருபக்க ரத்தக்குழாய்களும் அழுந்தி, பத்து விநாடிக்குள்ளேயே மயக்கம் வரக்கூடும் என்பதைக் கீ வகுப்பு மிக விரைவில் கற்றுக்கொடுக்கிறது. துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த அறிவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெண்கள் சேரும்போது

என்னைப் போன்ற பெண்களுக்கு உடை விஷயம் பாயில் மட்டும் முடிவதில்லை. வீட்டுக் கூடத்தில்தான் தொடங்குகிறது. உடலோடு ஒட்டிய ராஷ்கார்டையும் லெக்கிங்ஸையும் பார்த்தால் பாட்டி ஒரு வார்த்தை, சித்தி ஒரு வார்த்தை. கீ என்றால் “கராத்தே உடையா?” என்று கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். இது பெரிய சௌகரியம், சிரிக்க வேண்டாம். உள்ளே முழுக்கை ராஷ்கார்டு ஒன்று அணிந்துகொண்டால் மேலங்கி விலகினாலும் கவலையில்லை.

ஆனால் பயிற்சித் துணை யார் என்பது உடையைவிட முக்கியம். இரண்டு உடையிலும் உடல் நெருக்கம் ஒன்றுதான். மார்மீது ஏறி அமர்வதும் முதுகோடு ஒட்டிக் கிடப்பதும் இந்தக் கலையின் அடிப்படை. வகுப்பில் இன்னொரு பெண்ணாவது இருக்கிறாரா, இல்லையென்றால் பயிற்சியாளர் யாரோடு இணை சேர்க்கிறார், மறுத்தால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். கீ வகுப்பில் பெண்கள் இல்லை, நோ-கீ வகுப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் நான் நோ-கீக்கே போவேன்; பாட்டியைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

விரல், முழங்கால், தோல்

கீயில் முதலில் அடிபடுவது விரல் மூட்டுகள். துணியை இறுகப் பிடித்திருக்கும்போது எதிராளி வெடுக்கென்று உதறினால் விரல் வீங்கும். தட்டச்சு, தையல், செவிலியர் பணி என்று விரலை நம்பி வாழ்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். மூட்டுக்கு டேப் சுற்றுவது ஓரளவு உதவும். சரியான நேரத்தில் பிடியை விடக் கற்பது அதைவிட உதவும்.

நோ-கீயில் கவலை முழங்கால். குதிகாலைத் திருகி முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக் பிடியைச் சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு கீ போட்டிகளில் யாருக்கும் அனுமதிப்பதில்லை. நோ-கீயில் 2021 முதல் பழுப்பு, கறுப்புப் பட்டை பெற்ற பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி. சில வகுப்புகள் ஏடிசிசி பாணி என்று சொல்லி எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. கையை மடக்கினால் வலி முன்னே வந்து எச்சரிக்கும். இந்தப் பிடியில் வலி தெரியும்போது தசைநார் ஏற்கெனவே கிழிந்திருக்கலாம். சேருவதற்கு முன், புதியவர்மீது இதைப் போட விடுகிறார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

தோல் விஷயத்தில் இரண்டுமே நல்லவை அல்ல. நோ-கீயில் தோலோடு தோல் உரசுகிறது. கீயில் ஈரத்துணி சிராய்ப்பு உண்டாக்கி வழி திறந்துவிடுகிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் படர்தாமரை வராத வகுப்பு இல்லை. வந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்கள் புலம்பும் விஷயம் இது. தோல் மருத்துவரிடம் காட்டி, முழுதாகக் குணமாகும் வரை பாயில் இறங்காமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. வகுப்பு முடிந்ததும் அங்கேயே குளிக்க வசதி இருந்தால், மாதக் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அந்த இடத்துக்கே என் ஓட்டு.

ஜூடோ எங்கே பொருந்துகிறது

பிள்ளைகளுக்கு. எட்டு வயதுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் நான் ஜூடோவையே சொல்வேன். முதல் மாதங்களில் விழக் கற்றுக்கொடுக்கிறார்கள். மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழும் வயதில் அதைவிடப் பயனுள்ள பாடம் எது? பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ உண்டு. ஒலிம்பிக்கில் 1964-இலேயே இடம் பெற்றது. மணிப்பூரின் சுசீலா தேவி 2014, 2022 காமன்வெல்த் போட்டிகளில் வெள்ளி வென்றது இந்த விளையாட்டில்தான். ஜியு-ஜிட்சு ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் நுழைந்ததே 2018-இல். ஒலிம்பிக் இன்னும் இல்லை. சான்றிதழ் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் இதைக் கணக்கில் கொள்வார்கள், கொள்ளட்டும்.

பெரியவர்களுக்கு அவ்வளவு தாராளமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜூடோவில் எதிராளியை வேகமாக முதுகு பட வீழ்த்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. 20 விநாடி தரையில் அமுக்கி வைத்தாலும் முடிந்தது. ஆகவே பயிற்சியில் பெரும்பகுதி நின்று எறிவதும் எறியப்படுவதும்தான். நாற்பது வயது முதுகு அதை மாலைதோறும் வரவேற்காது. ஜியு-ஜிட்சுவில் கீழே விழுந்த பிறகுதான் கதையே தொடங்குகிறது: வீழ்த்தினால் 2 புள்ளி, எதிராளியின் கால் தடுப்பைத் தாண்டினால் 3, மார்மீது அமர்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. முட்டி போட்ட நிலையிலிருந்தே தொடங்கிப் பழகலாம்.

ஒரு சிக்கனக் குறிப்பு: ஜூடோ உடை கீயைவிட மலிவு. தொடக்க நிலையில் அதையே ஜியு-ஜிட்சு வகுப்புக்கு அணிய விடும் பயிற்சியாளர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

என் கணக்கு

கடலூரிலிருந்து பஸ் ஏறும் கல்லூரி மாணவர், அதிலும் கபடிக்காரர்: நோ-கீ, யோசிக்கவே வேண்டாம். புதுச்சேரிக்குள்ளேயே வசிக்கும், முப்பத்தைந்து தாண்டிய அலுவலகக்காரர்: கீ, ஆனால் பொங்கலுக்குப் பிறகு சேருங்கள். மழைக்காலத்தில் நோ-கீக்கு மாறிக்கொள்ள அனுமதிக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே கட்டணத்தில் நடத்தும் இடம் கிடைத்தால் இந்தக் கட்டுரையையே மறந்துவிடலாம்.

பயிற்சியாளரின் பட்டை பற்றி அதிகம் மருள வேண்டாம். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையில் கறுப்புக்குப் போய்ச் சேரப் பத்தாண்டு அளவில் ஆகும். நம்மைப் போன்ற ஊர்களில் நீலமோ ஊதாவோ கட்டியவர் கற்றுக்கொடுப்பது இயல்பு. யாரிடம் பெற்றீர்கள் என்று கேட்டால் தயங்காமல் பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நோ-கீ மட்டும் நடத்துகிறவர் இடுப்பில் பட்டை இருக்காது என்பதால் அங்கே இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

முதல் நாள் சேராமல் ஓரமாக உட்கார்ந்து கடைசி இருபது நிமிடத்தைப் பாருங்கள். பயிற்சி ஆட்டம் நடக்கும் நேரம் அது. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டியதும் மற்றவர் கை அந்தக் கணமே தளர்கிறதா, வந்து ஒரு வாரமான பையனை மூத்த மாணவர் எப்படிக் கையாள்கிறார், பாயை விட்டு இறங்குபவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகிறார்களா என்று கவனியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியை அடுத்த மாதமும் தருவார்கள்.