நாலு வருஷமாக ஓடும் பொட்டி: இன்னும் ஒரு பிணைப்பு தானாக அறுபடவில்லை

மூலக்கூறுகள் எப்படி அசையும் என்று கணக்கிட்டுப் பார்க்க வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன், பொட்டி என்றுதான் சொல்வேன். போன வாரம் அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. மின்சாரம் போய்த் திரும்பி வந்த வேகத்தில் டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து நாலு நாள் கழித்து வாங்கி வந்தேன். நல்லவேளை, கிராபிக்ஸ் கார்டு தப்பித்தது. அதே வாரம் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் போனில் பிடித்தார். அவரும் என்னைப் போல வேதியியல் வாத்தியார்தான். "அண்ணாச்சி, கார்டு விலையெல்லாம் எறங்கியிருக்கு. நானும் ஒரு பொட்டி போட்டு, வைக்கோலை நொதி எப்படி உடைக்குன்னு ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். வாங்கலாமா?"

ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன்.

ராம் எவ்வளவு, கோர் எத்தனை என்பதெல்லாம் தம்பிக்கே தெரியும். 2021-ல் கார்டுக்குத் தட்டுப்பாடு இருந்தபோது கூடுதல் விலை கொடுத்து வாங்கிய நடுத்தர ரகம். மென்பொருள் குரோமாக்ஸ், ஒவ்வொரு அணுவும் எப்படி நகரும் என்று கணக்குப் போடுவது, நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, காசு கிடையாது. நான் ஓட்டுவது பெரும்பாலும் ஒரே நொதி, வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸை அறுக்கும் செல்7ஏ. டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை சுரப்பது. இரண்டாம் உலகப்போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கூடாரத் துணியை மக்கச் செய்தது இந்தப் பூஞ்சைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவியில் மின்சாரம் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. குரோமாக்ஸ் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே இருக்கும் நிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; போனால் கால் மணி நேரக் கணக்குதான் போகும். நாலு வருஷத்தில் எத்தனை தடவை மின்சாரம் போயிருக்கும் என்று எண்ணவே இல்லை. ஒரு ஓட்டத்தைக்கூட நான் முழுசாக இழந்ததில்லை. எஸ்எம்பிஎஸ் வெடித்த அன்றும் அப்படியே. பழுது பார்த்து வந்து இயக்கியதும் எதுவுமே நடக்காததுபோல ஓட ஆரம்பித்தது. அதற்காக அதை எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மின்கட்டணத்தையும் தம்பி கணக்கில் வைக்க வேண்டும். மொத்தமாக 250 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 360. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். சித்திரை, வைகாசியில் பகலில் நான் ஓட்டுவதே இல்லை. கார்டு சூட்டில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அறையிலும் உட்கார முடிவதில்லை. ஆனி, ஆடியில் மலைப்பக்கம் இருந்து சாரல் காற்று வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், ராத்திரி பகலாக ஓடும்.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். நாலு வருஷத்தில் ஒரு பிணைப்புகூடத் தானாக அறுபட்டு நான் பார்க்கவில்லை.

நொதியின் வேலையே அறுப்பதுதான். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் குளுக்கோஸாகக் கோத்த சங்கிலி. நொதி இல்லாமல் வெறும் தண்ணீரில் அந்தப் பிணைப்பு தானாகப் பிரிய, பாதிக்குப் பாதி என்று வைத்தாலே சுமார் 47 லட்சம் வருஷம் ஆகும் என்று 1998-ல் கணக்கிட்டார்கள். அதை நொதி ஒரு நொடிக்குள் பல தடவை செய்கிறது. அந்தக் கணத்தைப் பார்க்கத்தான் நான் இந்தப் பொட்டியையே வாங்கினேன். ஆனால் சாதாரணமாக ஓட்டும்போது குரோமாக்ஸுக்குப் பிணைப்பு என்பது ஒரு ஸ்பிரிங். நீளும், சுருங்கும், அறாது. கணக்கே அப்படித்தான்.

சரி, அறுபடும்படி எழுதினாலும் நேரம் பத்தாது. 2011-ல் ஜப்பானில் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இதே நொதி செல்லுலோஸ் மேல் ஊர்ந்து போவதையே படம் எடுத்தார்கள். நொடிக்குச் சுமார் 7 நானோமீட்டர். முன்னே போகிற ஒன்று தடுக்கி நின்றால் பின்னால் வருவதெல்லாம் வரிசை கட்டி நிற்கிறது, நம் ஜங்ஷன் பாலத்து நெரிசல்போல. ஒரு தடவை அறுத்தால் ஒரு செல்லோபயோஸ் வெளியே வரும், அதாவது இரண்டு குளுக்கோஸ். நொதி 1 நானோமீட்டர் முன்னேறும். ஆக நொடிக்கு 7 அறுப்பு. என் பொட்டியில் 3 லட்சம் அணு, கணக்கு ஒவ்வொரு அடியாக முன்னேறும், ஒரு அடிக்கு 2 ஃபெம்டோசெகண்ட் (பத்து லட்சம் ஃபெம்டோசெகண்ட் சேர்ந்தால் ஒரு நானோசெகண்ட், நூறு கோடி நானோசெகண்ட் சேர்ந்தால் ஒரு நொடி). நாளெல்லாம் உழைத்து ஒன்றே முக்கால் கோடி அடி வைத்தாலும் கிடைப்பது 35 நானோசெகண்ட்தான். ஒரே ஒரு அறுப்புக்கு ஆகும் நேரத்தை இந்த வேகத்தில் ஓட்டி முடிக்க 11,000 வருஷம் வேண்டும். சிவகளை அகழாய்வில் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கே வயது 3,200 வருஷம்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அறுபடும் இடத்தை மட்டும் எலக்ட்ரான்களையும் சேர்த்துப் பார்க்கும் குவாண்டம் கணக்கிலும் மீதியைப் பழைய ஸ்பிரிங் கணக்கிலும் ஓட்டலாம். வார்ஷெல், லெவிட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1976-ல் இதை முதலில் செய்து காட்டியதும் ஒரு சர்க்கரைச் சங்கிலியை அறுக்கும் நொதியில்தான், லைசோசைமில். 2013-ல் கார்ப்ளஸோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் கிடைத்தது. நானும் ஒருமுறை செய்தேன். நொதி என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; செல்7ஏ-யில் அந்த வரிசையில் 217-ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் புரோட்டானைக் கொடுக்க, 212-ஆம் இடத்தில் இருப்பது சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். அந்த 212-க்கும் சர்க்கரைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே இழுத்துக் குறைத்தேன். 17 நாள் ஆனது. அறுபட்டது. ஆனால் அது நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செய்ய வைத்த வேலை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் விற்கவில்லை என்று தம்பி கேட்பார். ஒரு ராத்திரிதான் காரணம்.

செல்7ஏ-க்கு நடுவில் சுமார் 5 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு குகை உண்டு. அதன் வாசலில் 40-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒரு டிரிப்டோபான். சங்கிலியின் நுனியில் நாலு சர்க்கரையை மட்டும் படிகத்திலிருந்து பிரித்துத் தூக்கி, குகைக்கு முன்னால் விட்டு ஓட்டியிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி கோப்பைத் திறந்து பார்க்கிறேன்: நுனி அங்கும் இங்கும் அலைகிறது, தண்ணீர் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுகின்றன. அப்புறம் அந்த டிரிப்டோபானின் தட்டையான வளையம் மெல்லத் திரும்பி, நுனிச் சர்க்கரையின் அடியில் போய், அப்பளத்தின் மேல் அப்பளம் வைத்தாற்போலப் பொருந்தி நின்றது. விலகியது, மறுபடி பிடித்தது. இந்தத் தடவை விடவில்லை. நான் எதையும் இழுக்கவில்லை. இந்த ஒரு டிரிப்டோபானை மாற்றிவிட்டால் படிகச் செல்லுலோஸில் நொதி வேலை செய்யாமல் படுத்துவிடும் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். அதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஏன் என்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொழந்தை வெரலைப் புடிக்க மாதிரிலா இருக்கு" என்றாள்.

ஜப்பான்காரர்களின் நுண்ணோக்கியில் நொதி நடப்பது தெரியும், இந்தப் பிடி தெரியாது. பிடி தெரிய என் பொட்டிதான் வேண்டும்.

ஆனாலும் தம்பி, நீங்கள் வாங்காதீங்க. உங்களுக்கு வேண்டியது வேறு. அம்பை வயல் வைக்கோலில் எவ்வளவு சர்க்கரை வரும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்றுதானே கேட்கிறீர்கள்? பானிப்பட்டில் 2022-ல் திறந்த ஆலை வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டதே, அந்த வகைக் கேள்வி. அதற்கு வினைவேகச் சமன்பாடு நாலைந்தும் சாதாரண லேப்டாப்பும் போதும். என் பொட்டிக்குள் இருப்பது சுத்தமான செல்லுலோஸ். உங்கள் வைக்கோலில் லிக்னின் உண்டு, ஹெமிசெல்லுலோஸ் உண்டு, சிலிக்கா உண்டு. வந்த செல்லோபயோஸே திரும்பிப் போய்க் குகையின் மறுவாயை அடைத்துக்கொள்ளும். பத்தமடையில் பாய்க்குக் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்கள் தொட்டுப் பார்த்தே இது பதம், இதற்கு மேல் விட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் குடுவையில் அந்த மாதிரி நாலு பதத்தை அளந்து பாருங்க. பணத்தைக் கார்டில் போடுவதைவிட குடுவையைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் நல்ல ஷேக்கரில் போடுங்க.

நான் கோபத்தில் சொல்வதாக நினைக்கலாம். எஸ்எம்பிஎஸ் போன வாரம் இல்லையா, கொஞ்சம் கோபமும் உண்டுதான். அந்தப் பிடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வாங்க. நீங்கள் கேட்கிற அமினோ அமிலத்தை மாற்றி, உங்கள் ஓட்டத்தை இதிலேயே போட்டுத் தருகிறேன். இப்போதைய ஓட்டம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோதாக இருக்கும்.