ஆயுதத்தை எண்ணுவதா, நடத்தையை எடைபோடுவதா? சமாதான உடன்படிக்கையைச் சரிபார்த்த நான்கு முறைகள்

உள்நாட்டுப் போர் ஓய்ந்த நேபாளத்தில் ஐ.நா.வின் சரிபார்ப்பு முடிந்தபோது, போராளிகளாகத் தகுதி பெற்ற மாவோயிஸ்ட்டுகள் 19,602 பேர். பதிவான ஆயுதங்களோ 3,475தான். கெரில்லாப் படையில் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்காது என்றாலும், இது மிகப் பெரிய இடைவெளி. ஒன்று ஆயுதம் வெளியே பதுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள்கணக்கு ஊதப்பட்டிருக்க வேண்டும். உண்மையான பலம் ஏழெட்டாயிரம்தான், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினோம் என்று சக்திகோர் முகாமில் மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டா பேசிய காணொளி 2009 மே மாதம் வெளியே வந்தது.

சரிபார்ப்பில் அலட்சியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. 7 முதன்மை முகாம்களிலும் 21 துணை முகாம்களிலும் ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்தார்கள். 2006 மே 25 அன்று 18 வயது நிரம்பாதவர், அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவர் என்று 4,008 பேரைத் தகுதி நீக்கினார்கள். ஆயுதங்கள் கன்டெய்னரில் பூட்டப்பட்டன. சாவி மாவோயிஸ்ட்டுகளிடம்; கதவைத் திறந்தால் அலறும் சைரனும் கேமராவும் ஐ.நா.விடம். உள்ளே போன ஆயுதம் வெளியே வந்ததா என்பதை இந்த ஏற்பாடு நன்றாகவே காட்டும். உள்ளே வராத ஆயுதம் எவ்வளவு என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

இந்தோனேசியாவில் பிரிவினைப் போர் நடந்த ஆச்சே மாகாணம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தாண்டியது. 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் கையெழுத்தான ஒப்பந்தத்திலேயே 3,000 போராளிகள், 840 ஆயுதங்கள் என்று எண்ணை எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு, எஃகுக் குழலும் தோட்டா வைக்கும் அறையும் இருந்து, உயிரைப் பறிக்கும் குண்டைச் சுடக்கூடியதை மட்டுமே ஆயுதமாக ஏற்றது. வந்தவை 1,018, தள்ளப்பட்டவை 178. ஏற்றவற்றை அங்கேயே ரம்பத்தால் அறுத்தார்கள். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இணையாக இந்தோனேசியா வெளியிலிருந்து கொண்டுவந்த படையைத் திரும்பப் பெற்றது. இரு தரப்பையும் ஒரே நாள்காட்டியில் கட்டியதுதான் இதன் வலிமை. ஆனால் 840 என்பது பேரத்தில் முடிவான எண். களத்தில் எண்ணி எடுத்ததல்ல. ‘வாக்குறுதி நிறைவேறியது’ என்று சொல்ல அது போதும், ‘ஆயுதம் தீர்ந்தது’ என்று சொல்லப் போதாது.

இலங்கையில் 2002-இன் போர்நிறுத்த உடன்படிக்கை ஆயுதக் களைவைக் கேட்கவில்லை. நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு முறைப்பாடுகளை விசாரித்து மீறல்களை எண்ணியது. 2007 ஏப்ரல் வரை புலிகள் மீது 3,830, அரசு மீது 351. ஒரு சிறுவனைப் படையில் சேர்த்ததும் ஒரு கொலையும் அந்தக் கூட்டுத்தொகையில் தலா ஒன்றுதான். முறைப்பாடு செய்யப் பயந்தவரின் கதை அதில் இல்லவே இல்லை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததே தவிர, நிறுத்தும் அதிகாரம் குழுவுக்கு இல்லை.

எங்கள் கணிப்பில் இவற்றில் மேலானது வட அயர்லாந்தின் ஏற்பாடு. அங்கே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஜெனரல் ஜான் டி சாஸ்டலேன் தலைமையிலான ஆணையம் ஆயுதத்தை மட்டும் பார்த்தது. 2005 செப்டம்பரில், பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு சேரப் போராடிய ஐ.ஆர்.ஏ.வின் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டபோது ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் சாட்சிகள். பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு அரசுகளின் பாதுகாப்புப் பிரிவுகள் தந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். பட்டியலையோ படத்தையோ வெளியிடவில்லை. பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் பலர் நம்ப மறுத்ததற்கு அதுவே காரணம்.

நடத்தையைப் பார்த்தது 2004-இல் தொடங்கிய சுயாதீனக் கண்காணிப்பு ஆணையம். நான்கு பேர், அவர்களில் முன்னாள் போலீஸ் அதிகாரியும் சி.ஐ.ஏ.வில் இருந்தவரும் உண்டு. ஆள்சேர்ப்பு, பயிற்சி, உளவு சேகரிப்பு, ஆயுதக் கொள்முதல், தண்டனைத் தாக்குதல், கொள்ளை என்று ஒரே தலைப்புகளை அறிக்கைக்கு அறிக்கை திரும்பப் பார்த்தார்கள். அதனால் ஏற்ற இறக்கம் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு செயலிலும் ஒரே கேள்வி: தலைமை அனுமதித்ததா, அல்லது உறுப்பினர் தானாகச் செய்தாரா? 2004 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட்டின் நார்தர்ன் வங்கியில் 2.65 கோடி பவுண்டு கொள்ளை போனபோது, அதை ஐ.ஆர்.ஏ. மீதே வைத்து, அதன் அரசியல் அணியான சின் ஃபெயின் கட்சிக்கு நிதித் தண்டனையைப் பரிந்துரைத்தார்கள்.

இரண்டு அமைப்புகளும் மோதியதும் உண்டு. எல்லா ஆயுதமும் ஒப்படைக்கப்படவில்லை என்ற தகவல் வந்திருப்பதாக 2006 பிப்ரவரியில் கண்காணிப்பு ஆணையம் எழுதியது. டி சாஸ்டலேன் ஆணையம் தன் முடிவில் நின்றது. இந்த முரண்பாட்டை நாங்கள் குறையாகப் பார்க்கவில்லை. ஒரே கை இரண்டையும் செய்திருந்தால் அந்தச் சந்தேகம் வெளியே வந்திருக்காது. அப்படியே சில ஆயுதம் தங்கியிருந்தாலும், அது தலைமையின் உத்தரவை மீறி உள்ளூரில் வைத்துக்கொண்டதாக இருக்கலாம் என்பதையும் அதே அறிக்கை பிரித்துச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில், கொள்முதல், வெடிபொருள் தொழில்நுட்பம், பயிற்சி ஆகியவற்றுக்கான பிரிவுகளை ஐ.ஆர்.ஏ. கலைத்துவிட்டது என்று கண்காணிப்பு ஆணையத்தால் எழுத முடிந்தது. கன்டெய்னரைக் காவல் காத்த எவராலும் அதை எழுதியிருக்க முடியாது.