தாப்பா மலையடியில் 'வீட்டு லாட்' வாங்காதீர்கள்: எங்கள் 38,000 வெள்ளி போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில், பழைய கித்தாத் (ரப்பர்) தோட்டத்தை ஒட்டி, 'மலைக்காற்றில் சொந்த வீடு' என்று லாட் லாட்டாக விற்கிறார்கள். ஒரு லாட் 8,000 சதுர அடி, விலை 38,000 வெள்ளி. அண்ணனும் அண்ணியும் சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். இன்றைக்கு நிலமும் இல்லை, கிராண்டும் (நில உரிமைப் பத்திரம்) இல்லை. விற்றது டவுனில் கடைவீட்டு மேல்மாடியில் ஆபிஸ் போட்டிருக்கும் ஒரு நில முகவர் கூட்டம். வழக்குக்குப் போகிறோம் என்பதால் பெயர் போடவில்லை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் காட்டிய கிராண்ட் நகல் பொய்யில்லை. 6 ஏக்கர் நிலம், சொந்தக்காரர் பெயர், லாட் எண் எல்லாம் சரி. அதை 24 துண்டாகப் போட்ட கலர் பிளான் ஒன்று. மலையில் சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகள். "அண்ணே, லாயருக்கு எதுக்கு வீணா காசு? எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்லா" என்று சொல்லி, நேராகச் சத்தியப் பிரமாண ஆணையரிடம் கூட்டிப் போய் ஓர் 'அக்குவான் பெர்சும்பா', அதாவது சத்தியப் பிரமாணத் தாள், போட்டுக் கொடுத்தார்கள். அந்த முத்திரையைப் பார்த்ததும் அண்ணிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அரசாங்க முத்திரை இருக்கிறதே, இனி என்ன பயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த முத்திரை எதற்கு? கையெழுத்துப் போட்டவர் ஆணையர் முன்னால் சத்தியம் செய்தார் என்பதற்கு மட்டும். எழுதியது உண்மையா, நிலம் அவருடையதா என்று ஆணையர் பார்ப்பதில்லை. அதோடு, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது முகவர். நிலத்துச் சொந்தக்காரர் அல்ல. அவர் கொடுத்ததாகக் காட்டிய அதிகாரப் பத்திரமும் உயர்நீதிமன்றத்தில் பதியப்படாத ஒன்று.

இன்னும் மோசம், அந்த நிலத்தில் 8,000 சதுர அடிக்குத் தனி கிராண்ட் வரவே வராது. அது 'பெர்த்தானியான்', அதாவது விவசாய வகை நிலம். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே உடைக்க முடியாது. அது ஏறக்குறைய ஓர் ஏக்கர், 43,000 சதுர அடி. 6 ஏக்கரை 24 ஆக உடைக்க வேண்டுமானால் முதலில் மாநில அரசு வகையைக் 'கட்டட' நிலமாக மாற்றித் தர வேண்டும். அதற்கு பிரிமியம் (வகை மாற்ற அரசுக்குக் கட்டும் பணம்), சாலை, வடிகால், பிளான் என்று எல்லாம் இருக்கிறது. இவர்கள் மனுவே போடவில்லை.

"விவசாய நிலத்திலயும் வீடு கட்டலாம், சட்டமே சொல்லுது" என்றார்கள். பாதி உண்மை. சொந்தக்காரரும் அங்கே சட்டப்படி குடியிருப்பவரும் வசிக்க வீடு கட்டலாம். கிராண்டில் பெயரே இல்லாதவர் எந்தக் கணக்கில் கட்டுவது? மாவட்ட மன்றத்தில் பிளான் போட்டால் முதலில் கேட்பது கிராண்ட்தான். மலையை வெட்டி மேடை போடுவதற்கும் மண்வேலை பிளானுக்குத் தனி அனுமதி வேண்டும். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) அப்படித்தான் சொல்கிறது. இவர்கள் மண்வாரியை விட்டுச் சும்மா வெட்டியிருக்கிறார்கள்.

அந்த மேடையைப் போய்ப் பார்த்தால் வயிறு எரியும். உள்பக்கம் வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள், அடுக்கடுக்காக இறுக்கவில்லை. மேலே மழைநீரைத் திருப்பி விட வடிகால் கிடையாது. தித்திவங்சா மலையில் கருங்கல் மட்கி ஆழம்வரை மண்ணாகியிருக்கும். தொடர்மழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் கொட்டிய மண்தான் முதலில் சரியும். வீட்டின் பாதி அந்த மண்ணில் நிற்கும்படிதான் பிளான் போட்டிருக்கிறார்கள். 1993-இல் ஹைலண்ட் டவர்ஸில் 48 பேர், 2022-இல் பத்தாங் காலியில் 31 பேர் மண்சரிவில் செத்த நாடு இது.

பிறகு உரிமம் பெற்ற நில அளவையரைக் கூட்டிப் போனோம். எல்லைக் கற்கள் தெரிந்தன. முளைக்குச்சி நட்ட இடம் அந்த 6 ஏக்கருக்கு வெளியே, அரசாங்க நிலத்தில் கிடக்கிறது! அங்கே வீடு கட்டினால் அத்துமீறல் குற்றம். 38,000 வெள்ளி வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி', அதாவது நிலப் பதிவின் அதிகாரபூர்வ விவரம், எடுத்தால், அந்த 6 ஏக்கரும் வங்கியில் அடமானம்.

கேட்கப் போனால்? "பைல் தாப்பா லேண்ட் ஆபிஸ்ல இருக்கு." அடுத்து, "ஈப்போவுக்குப் போயிருச்சு." அடுத்து, "மழைக்காலம், அளக்க ஆள் ஏற முடியாது." அடுத்து, கவுண்டர் பெண் தலையை நிமிர்த்தாமல், "பாஸ் சைட்டுக்குப் போயிட்டாரு." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. கடைசியில் ஒரு நாள் அவர்களே கூப்பிட்டு, "வேற லாட்டுக்கு மாத்தித் தரோம், இன்னும் 6,000 வெள்ளி கட்டுங்க" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதைக் காட்டினார்கள். 38,000 வெள்ளிக்கும் 'நிர்வாகக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. நில விலை என்ற சொல்லே அதில் இல்லை.

போலீஸ் புகார் கொடுத்தாயிற்று. சிவில் விவகாரம் என்றார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும், ஆனால் நில உரிமைத் தகராறு அங்கே எடுபடாது. நிலம் கைமாறாமல் தடுக்கும் கேவியட் போடலாம் என்றால், சொந்தக்காரரோடு ஒப்பந்தமே இல்லை, எதை வைத்துப் போடுவது? மிச்சம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், லாயர் செலவு வேறு.

விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரமாக இவ்வளவு. காசு கொடுக்கும் முன் சாரியான் ரஸ்மி நீங்களே எடுங்கள். நில வகை, சொந்தக்காரர் பெயர், அடமானம், கேவியட், 'செகாத்தான் கெபெந்திங்கான்' (கைமாற்றுவதற்கான கட்டுப்பாடு), மலாய் ரிசர்வ் (மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய நிலம்) குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். மலாய் ரிசர்வ் என்றால் நம் பெயருக்கு மாறாது. டிஓஎல் (அரசாங்க நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம்) நிலம் என்றால் தொடவே தொடாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு முடிகிற உரிமம், கைமாற்ற முடியாது. உங்களுக்கென்று தனி லாயர். பணம் லாயரின் கிளையண்ட் கணக்குக்கு மட்டும், முகவர் கணக்குக்கு ஒரு காசும் வேண்டாம். விற்க வருபவரிடம் ஆர்இஎன் எண் (பதிவு பெற்ற சொத்து விற்பனைப் பேச்சாளர் எண்) கேளுங்கள். மிச்ச லாட்டுகளை இந்த வாரமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதலில் 8,000 வெள்ளி புக்கிங் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.