குட்வுட் ரிவைவலுக்கு எந்த ஸூம்: 70-200-ஆ, 100-400-ஆ?

இங்கிலாந்தின் சசெக்ஸில் செப்டம்பர்தோறும் நடக்கும் பழைய கார்ப் பந்தய விழாவான குட்வுட் ரிவைவலுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் கடைசியில் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள். ஒன்று 70-200 மி.மீ. எஃப் 2.8 (எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸின் ஒளித் திறப்பு பெரிது). மற்றொன்று 100-400 மி.மீ. எஃப் 4.5-5.6. இரண்டையும் சுமக்கலாம்தான். ஆனால் 3.8 கி.மீ. ஓடுதளத்தின் ஓரமாக நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும்போது ஒன்றே போதும் என்று ஆகிவிடும். என் தேர்வு 100-400. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எடை, விலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சோனியில் இரண்டாம் தலைமுறை 70-200 ஜி மாஸ்டர் 1,045 கிராம், 100-400 ஜி மாஸ்டர் 1,395 கிராம். விலையில் பெரிய இடைவெளி இல்லை. இரண்டுக்கும் ஃபில்டர் 77 மி.மீ.தான்.

தீர்ப்பை எழுதுவது ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. இந்த ஓடுதளத்தில் 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்த காலத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் ரிவைவல். மசெராட்டி 250எஃப், ஃபெராரி 250 ஜிடிஓ போன்ற வண்டிகளுக்குக் கம்பிச் சக்கரம். நடுவில் காது வைத்த பெரிய நட்டு. டயரோடு சேர்த்து சக்கரத்தின் விட்டம் 65 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 22 சுற்று சுற்றும். 1/1000 நொடியில் எடுத்தால் சக்கரம் 8 டிகிரிதான் திரும்பியிருக்கும். நட்டின் காதுகள் துல்லியமாகத் தெரியும், வண்டி நிறுத்திவைத்தது போல இருக்கும். 1/125-இல் 60 டிகிரிக்கு மேல் திரும்பும், 1/60-இல் 130 டிகிரி. அப்போதுதான் கம்பிகள் கரைந்து வெள்ளித் தட்டாக மாறும், படத்துக்கு உயிர் வரும்.

வெயிலில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100-இல், 1/60 நொடிக்கு அப்பர்ச்சரை, அதாவது ஒளித் திறப்பை, எஃப் 20 வரை மூடியாக வேண்டும். அதாவது எஃப் 2.8-க்குக் கொடுத்த பணம் சும்மா கிடக்கிறது. அந்த அளவுக்கு மூடினால் சென்சாரில் ஒட்டிய தூசு எல்லாம் கறுப்புப் புள்ளியாக வானத்தில் தெரியும், நுண்விவரமும் மழுங்கும். மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) போட்டால் எஃப் 7-க்கு இறங்கலாம். 100-400-க்கு அது நல்ல இடம். எஃப் 2.8-ஐத் திறந்தே தீருவேன் என்றால் கிட்டத்தட்ட ஆறு ஸ்டாப் வெட்ட வேண்டும். அந்த இருட்டில் ஆட்டோஃபோகஸ் திணறக்கூடும். அதையும் மீறி எடுத்தால், முன்பக்கமும் பக்கவாட்டும் தெரியும் கோணத்தில் வரும் வண்டியின் பின்பக்கம் ஃபோகஸுக்கு வெளியே போய்விடக்கூடும். போலரைசர் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தை வெட்டும், கண்ணாடியிலும் பெயின்டிலும் விழும் பளபளப்பையும் குறைக்கும். ஆனால் கேமராவைத் திருப்பத் திருப்ப சூரியனோடு உள்ள கோணம் மாறுவதால், அதன் பலனும் பாதியில் மாறும்.

அடுத்தது தூரம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் நின்றால்தான் பேனிங் (ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பியபடி எடுப்பது) நன்றாக வரும் என்ற நம்பிக்கை தவறு. 4.2 மீட்டர் நீள வண்டி ஃப்ரேமில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்ப, 20 மீட்டரிலிருந்து 115 மி.மீ. போதும், 60 மீட்டரிலிருந்து 345 மி.மீ. வேண்டும். வண்டி ஒரே அளவில் தெரிவதால் பின்னணிக் கோடுகளின் நீளமும் ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் நிற்கும்போது, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்திலேயே நாம் வண்டியைப் பார்க்கும் கோணம் அதிகமாக மாறிவிடும். 144 கி.மீ. வேகம், 1/60 நொடி என்று கணக்குப் போட்டால், நடுப்பகுதியைச் சரியாகத் தொடர்ந்தாலும் 24 மெகாபிக்சல் சென்சாரில் 20 மீட்டரில் மூக்கும் வாலும் ஏழு பிக்சல் அளவுக்குக் கலங்கும். 60 மீட்டரில் அது ஒரு பிக்சலுக்கும் கீழே. ஓட்டுநரின் ஹெல்மெட் கூர்மை, மூக்கில் எண் கலங்கல் என்று வருகிற படங்களில் பலவற்றுக்குக் காரணம் கை நடுக்கம் அல்ல, இதுதான்.

பார்வையாளர் பகுதியிலிருந்து 20 மீட்டர் கிடைக்கும் இடமும் குறைவு. 200-இல் எடுத்து 345 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 8தான் மிஞ்சும்.

எடுக்கும் முறை: வண்டியை எந்த இடத்தில் படமெடுக்கப் போகிறீர்களோ அதை நோக்கிக் கால்களை வைத்து, இடுப்பை மட்டும் திருப்பி, வருகிற வண்டியைப் பிடியுங்கள். ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) பேனிங் மோடில் இருக்கட்டும். ஃபோகஸ் புள்ளி ஓட்டுநர் மேல். நான்கைந்து ஃப்ரேம் எடுத்த பிறகும் கேமராவை நிறுத்தாமல் தொடருங்கள். கடைசி ஃப்ரேம் கெடுவது அங்கேதான். பயிற்சிச் சுற்றில் 1/250-இல் தொடங்கி 1/125, 1/80 என்று இறங்கலாம். செயின்ட் மேரிஸ் வளைவில் வண்டிகள் குலுங்கி, நான்கு சக்கரமும் வழுக்கிப் போவதால் மேலும் கீழுமாக ஆடும். அங்கே 1/60-இல் பத்துக்கு ஒன்று தேறினால் போதும் என்ற மனதோடு நில்லுங்கள்.

400-க்கும் குறை உண்டு. நடுப்பகலில் தார்ச்சாலையின் வெப்ப அலை தூரத்து வண்டியைத் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியவைக்கும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது; காலையிலேயே போக வேண்டும்.

70-200 ஜெயிக்கும் இடம் பேடக், அதாவது பந்தய வண்டிகளை நிறுத்திவைக்கும் வளாகம். பழைய பாணி உடையில் வருகிறவர்களும் வண்டிகளும் அருகருகே நிற்கும்போது, பின்னால் யாரோ நீட்டும் கைபேசியை மங்கச் செய்ய எஃப் 2.8 வேண்டும். வண்டிகள் வேகம் குறையும் சிக்கேன் என்ற நெளிவான வளைவிலும் 200 போதும். வெள்ளி மாலை வெளிச்சம் மங்கும்போது ஓடும் பந்தயத்துக்கும் அதுதான் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் போகிறவர் நான் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். 70-200-இல் இரண்டு மடங்கு டெலிகன்வர்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் துணைக் கண்ணாடி) போட்டால் 140-400 எஃப் 5.6 கிடைக்கும்தானே என்று கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் கான்ட்ராஸ்ட் குறையும், ஃபோகஸ் மெதுவாகும். எவ்வளவு மெதுவாகும் என்பது கேமரா பாடியைப் பொறுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல மாட்டேன். கேனனின் முதல் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 எக்ஸ்டெண்டரையே (டெலிகன்வர்டருக்குக் கேனன் வைத்த பெயர்) ஏற்காது. அதை வைத்திருப்பவர்கள் அந்த வார இறுதிக்கு மட்டும் ஆர்எஃப் 100-500-ஐ வாடகைக்கு எடுப்பது நல்லது.