எம்எல்ஏவின் பின்னணியைப் பார்க்க மைநேதா: ஓட்டுப் போடுகிற எல்லோரும் திறந்து பார்க்க வேண்டிய தளம்

தொகுதி எம்எல்ஏவைப் பற்றி டீக்கடையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வேட்புமனுவோடு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் மைநேதா தளத்துக்குப் போங்கள். இலவசம். உள்ளே போக பெயர், போன் நம்பர் எதுவும் தர வேண்டாம். மாநிலம், தேர்தல் ஆண்டு, மாவட்டம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அங்கே போட்டியிட்ட எல்லோருடைய படிப்பு, வயது, வழக்கு, சொத்து, கடன் எல்லாம் ஒரே பட்டியலில் வந்துவிடும்.

ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) என்ற தன்னார்வ அமைப்பு நடத்தும் தளம் இது. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் 1999இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில்தான் எல்லாம் தொடங்கியது. வேட்பாளரின் பின்னணி வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதை மழுங்கடிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2003 மார்ச்சில் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. இவ்வளவு போராடிக் கிடைத்த உரிமை, ஆனால் நம்மில் பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது வழக்குகளின் எண்ணிக்கையைத்தான். தயவுசெய்து அதோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊரில் மறியல், ஆர்ப்பாட்டம் செய்தாலே 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) என்று இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு போட்டு வழக்கு எழுதுவார்கள், மக்களுக்காகத் தெருவில் இறங்கிய ஆளுக்கு இப்படிப் பத்து வழக்கு இருக்கலாம், ஒரே ஒரு வழக்கு உள்ள இன்னொருவருக்கு அது 420ஆகவோ (மோசடி) 307ஆகவோ (கொலை முயற்சி) இருக்கலாம், இரண்டும் ஒன்றா? அதனால் பெயரைச் சொடுக்கி உள்ளே போய், பிரிவுகளைப் படியுங்கள். ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களை ஏடிஆர் கடுமையான குற்றங்கள் என்று பிரித்தே காட்டுகிறது, அது பெரிய உதவி. 2024 ஜூலைக்குப் பிறகு பதிவான வழக்குகளில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும்: 188 இப்போது 223, 420 இப்போது 318(4).

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒருவர் முன்பும் போட்டியிட்டிருந்தால், அந்தத் தேர்தல்களில் அவர் காட்டிய சொத்தும் வழக்கும் அதே பக்கத்தில் சின்ன அட்டவணையாக வரும். பதவிக்கு வந்தபோது எவ்வளவு, ஐந்து வருஷம் கழித்து எவ்வளவு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் தொகை ஏறியிருக்கிறது என்றவுடன் முடிவு கட்டாமல், கீழே நிலத்தின் வாங்கிய விலையையும் இன்றைய சந்தை மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள், பழைய நிலத்தின் மதிப்பு உயர்ந்ததா, புதிதாக வாங்கியதா என்பது அங்கேதான் இருக்கிறது. மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ளதற்கும் தனிப் பத்தி உண்டு.

குறைகளும் இருக்கின்றன. பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில்தான், இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் தேடுவது கஷ்டம், தொகுதி வழியாகப் போவதே சுலபம். அப்புறம், இது வேட்பாளர் தானே சொன்ன கணக்கு. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு சொல்கிறது, ஆனால் அங்கே எழுதியிருப்பதாலேயே அது சரிபார்க்கப்பட்ட கணக்கு ஆகிவிடாது. சந்தேகம் வந்தால் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அசல் பிரமாணப் பத்திரமே இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பெரிய குறை, இந்தப் பக்கத்தில் ஆள் என்ன வேலை செய்தார் என்பது இல்லவே இல்லை. மதுரை கிழக்கில் 2001, 2006 என்று இரண்டு முறை ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறனை எடுத்துக்கொள்ளுங்கள். எம்எல்ஏவாக இருந்து முடித்த பிறகும் சொந்த வீடு இல்லாமல், அரசு வீடு கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்த மனிதர், 2021இல் காலமானார். அவருடைய சொத்துக் கணக்கு அவர் நேர்மையைச் சொல்லும், சரி. சட்டமன்றத்தில் என்ன பேசினார், யாருக்காக நின்றார் என்பதைச் சொல்லாது.

அதற்கு வேறு இடத்தில்தான் தேட வேண்டும். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் உங்கள் எம்எல்ஏ கேட்ட கேள்விகளைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்எல்ஏவுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது எந்தத் தெருவுக்கு, எந்தப் பள்ளிக்குப் போனது என்ற பட்டியலைப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம். பின்னணிக்கு மைநேதாவை ஐந்துக்கு நான்கு என்று தாராளமாகச் சொல்வேன், தமிழிலும் வந்தால் மீதி ஒன்றையும் கொடுத்துவிடுவேன்.