அன்னபூர்ணா சர்க்யூட்ல போட்ட மெரினோ டீஷர்ட், ரெயின் ஜாக்கெட் எப்படி இருந்துச்சு

போன அக்டோபர்ல நேபாளத்துல அன்னபூர்ணா மலைகள சுத்தி நடக்குற அன்னபூர்ணா சர்க்யூட் போறதுக்காக இந்த ரெண்டையும் புதுசா வாங்குனேன். மெரினோ டீஷர்ட் (மெரினோ ஆட்டோட மெல்லிசான கம்பளி) காசு ஜாஸ்திதான், ஆனா கண்ண மூடிட்டு வாங்கலாம். கீழ இருக்குற பெசிசஹார் ஊர் 760 மீட்டர் உயரம், அங்க வேர்த்து ஊத்துது, மேல இருக்குற மனாங் ஊர் 3540 மீட்டர், வெயில் மறைஞ்ச உடனே பல்லு தந்தியடிக்குது, ரெண்டு எடத்துலயும் இதேதான் போட்டேன், நாலு நாள் துவைக்காமயும் நாத்தம் வரல. காட்டன் மட்டும் வேணவே வேணாம்ங்க, வேர்வைய உறிஞ்சிட்டு ஈரமாவே உடம்போட ஒட்டிக்கும், நடை நின்னதும் குளிர் எலும்புக்குள்ள எறங்கிடும்.

ஜாக்கெட்தான் ஏமாத்திடுச்சு. துணி நல்ல துணி, தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுச்சு, ஆனா தோள்பட்டை தையலுக்கு உள்பக்கம் தண்ணி புகாம தடுக்குற டேப் ஒட்டல. சாமேங்கிற ஊர் தாண்டி ஒரு மணி நேரம் மழை, பேக் ஸ்ட்ராப் அழுத்துற எடத்துல நூல் வழியா தண்ணி எறங்கி ரெண்டு தோளும் சொதசொதன்னு ஆயிடுச்சு. அக்குள்ல ஜிப்பும் இல்ல, ஏத்தத்துல வேர்வையிலயே நனைஞ்சேன். கடையில வாங்குறப்ப உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலையும் தடவிப் பாத்துட்டு வாங்குங்க, ஹூட் தலையோட சேந்து திரும்புதான்னும் பாருங்க.

இந்த வழியிலயே உசரமான கணவாய் தோரோங் லா 5416 மீட்டர், விடியுறதுக்கு முன்னாடியே ஏறணும், காத்து அறையுது. அங்க காப்பாத்துனது காட்மாண்டு தமேல் ஏரியாவுல வாடகைக்கு எடுத்த டவுன் ஜாக்கெட் (உள்ள பறவை இறகு அடைச்சது). அத நடக்குறப்ப போடாதீங்க, வேர்வைல இறகு நனைஞ்சா சூடே நிக்காது, உக்காந்த உடனே போட்டுக்கோங்க.